தகட்டின் முதுகு

வலது தோளிலிருந்து விரல்நுனிவரை ஒரு கம்பியை உள்ளே விட்டு யாரோ நிதானமாகத் திருகுவது போலிருந்தது பாலிஷ்காரனுக்கு. எழுந்து உட்கார்ந்து, இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். விடிந்ததும் அந்தக் கை அவன் சொன்னபடி கேட்காது. சுழலும் துணிச்சக்கரத்தில் பித்தளைத் தகட்டை அழுத்திப் பிடித்துப் பிடித்துத் தேய்ந்துபோன கை. சக்கரம் தகட்டைப் பிடுங்கப் பார்க்கும், கை விடக்கூடாது. நாளெல்லாம் ஒரு முரட்டு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிற்பது மாதிரியான வேலை.

அடுப்படியில் அவன் மனைவியும் அவள் தம்பியும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். தாழ்ந்த குரல். பாலிஷ்காரன் இருமினான். பேச்சு நின்றது.

"எழுந்துட்டீங்களா? டீ கொண்டு வரேன்" என்றாள் மனைவி, தேவைக்கு மேல் சத்தமாக.

அவன் அடுப்படிக்குள் போனபோது மச்சினன் பின்கதவு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தான். சட்டைப்பை புடைத்திருந்தது. உள்ளே பூண்டு வாடை. அதற்கடியில் இன்னொரு வாடை, நல்ல வாடை இல்லை.

"காலங்காத்தால என்ன பூண்டு?"

"கைவலிக்குப் பூண்டு நல்லதாம்."

"எனக்குக் குடுக்கவே இல்லையே."

"டீயில போட்டா குடிப்பீங்களா?" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவத் திரும்பிக்கொண்டாள். நாலு நாளாக வீட்டில் பூண்டு வாங்கிய கையோடு தீர்ந்துவிடுகிறது. குழம்பில் மட்டும் பூண்டைக் காணோம். அவன் டீயைக் குடித்தபடி அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டகைதான் பட்டறை. மீன் பிடிக்கிற தகடு செய்வதுதான் அவர்கள் தொழில். ஒரு விரல் நீளத்துக்குப் பித்தளையை மீன் வடிவத்தில் வெட்டி, லேசாக வளைத்து, தலையில் ஒரு வளையம், வாலில் ஒரு முள். நூலில் கட்டித் தண்ணீரில் வீசி இழுத்தால் தகடு இடமும் வலமுமாக ஆடி ஆடி மின்னும். பெரிய மீன் அதைச் சின்ன மீன் என்று நம்பிக் கவ்வும். வெட்டுவதும் வளைப்பதும் துளை போடுவதும் மச்சினன் வேலை. மினுக்குவது பாலிஷ்காரன் வேலை. அவன் கை பட்ட தகட்டில் மூஞ்சி பார்த்து மீசை ஒதுக்கலாம் என்று தெருவில் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அவன் அந்த வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தான்.

ஆனால் இந்தப் பருவத்தில் தகடு போகவில்லை. துறைமுகத்தை ஆழப்படுத்துகிறோம் என்று சேற்றைக் கிளறிவிட்டிருந்தார்கள். கரையோரத் தண்ணீர் முழுக்கக் கலங்கல். இரண்டு வாரம் முன்னால், தூண்டில் சாமான் கடை வைத்திருந்த அம்மாள் திரும்பி வந்த தகடுகளை ஒரு டப்பாவில் போட்டு அவன் முன்னால் கொட்டினாள்.

"உங்க தகட்டுல மீன் மூஞ்சி பாத்துத் தலை சீவிட்டுப் போயிடுதாம். கடிக்க மாட்டேங்குதாம்" என்றாள்.

"தண்ணி கலங்கலா இருந்தா நான் என்னம்மா பண்றது?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். அச்சுல வார்த்த தகடு வந்திருக்கு, உள்ளேயே வாசனை அடைச்சு. அதை வாங்கி அந்தத் தட்டுல அடுக்கிடுவேன்." கடையில் அவர்கள் தகடு தொங்கிய கம்பித் தட்டை மோவாயால் காட்டினாள். "அடுத்த மாசச் சந்தைக்குள்ள ஒரு கட்டு கொண்டு வாங்க. என் கண் முன்னாடி நம்ம தூண்டில்காரன் கெண்டை வீசிப் பாக்கட்டும். மீன் ஏறிச்சுன்னா தட்டு உங்களுக்கு. ஏறலைன்னா என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

அந்தத் தட்டு ஒன்றுதான் மிச்சம். மற்ற இரண்டு கடைகளும் போன வருஷமே கையை விரித்துவிட்டன. தட்டு போனால் கொட்டகையில் மிஷினுக்குத் துணி போர்த்திவிட்டு, இந்தக் கையை வைத்துக்கொண்டு எவனிடமாவது மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான்.

கூட வந்திருந்த மச்சினன் கடையிலிருந்து திரும்பும்போதே சொன்னான், "அத்தான், கண்ணுக்குத் தெரியாத இடத்துல மூக்குதானே வேலை செய்யும். மீனுக்கும் மூக்கு இருக்கு."

"மீனுக்கு மூக்கு இருக்கோ இல்லையோ, உனக்கு நாக்கு இருக்கு."

அதோடு அவன் விடவில்லை. முதலில் மீன் வயிற்றுச் சதையைக் கீற்றாக அறுத்து முள்ளில் குத்தி இழுத்துக் காட்டினான். சதை கனத்தில் தகடு ஆட்டத்தை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் படுத்தபடி வந்தது. "தகடா இது, பொணமா? பாடை கட்டித்தான் இழுக்கணும்" என்று பாலிஷ்காரன் சிரித்தான். பிறகு மீன் குடலை உப்புப் போட்டு ஊறவைத்துப் பசையாக்கி ஒரு டப்பாவில் கொண்டுவந்தான். அதை மினுக்கிய தகட்டில் தடவித் தொட்டியில் முக்கியதும் பசை வழுக்கி அடியில் போய்ப் படுத்தது. தொட்டித் தண்ணீர் நாறியது, கொட்டகை நாறியது. தன் தகட்டின்மேல் சாக்கடையைப் பூசிவிட்டான் என்று பாலிஷ்காரனுக்கு ஏறிய கோபத்தில், டப்பாவைத் தூக்கித் தெருவோரச் சாக்கடையில் வீசினான். "இன்னொரு வாட்டி இந்த நாத்தம் இங்க வந்தா, டப்பா பின்னாடியே நீயும் போவே."

மச்சினன் குனிந்து தொட்டியைக் கழுவினான். அன்றிலிருந்துதான் அவன் பேச்சுக் குறைந்தது.

பேச்சுக் குறைந்தவனைப் பற்றி நினைப்புக் கூடும். பாலிஷ்காரன் நினைத்தான். கொட்டகைக்கு வருமுன் இவன் ஏன் இத்தனை தடவை கை கழுவுகிறான்? மருத்துவச்சி மாதிரி முழங்கை வரைக்கும் சோப்புப் போடுகிறான். மூலை அலமாரிக்குப் பூட்டு எதற்கு? இத்தனை வருஷமாக எலிகூட நினைத்தபோது திறந்து பார்த்துவிட்டுப் போன அலமாரி. சாயங்காலம் எங்கே போகிறான்?

"எங்க மச்சான், தினமும் காத்து வாங்கப் போயிடறே?"

"சும்மா, துறைப்பக்கம்."

"துறைப்பக்கம் என்ன, பொண்ணு பாத்து வச்சிருக்கியா?"

"ஆமா. செதிலோட" என்றான் மச்சினன். சிரிக்கவில்லை.

ஒருநாள் டீக்கடையில் பாலிஷ்காரன் அவனை எதிர்ப் பட்டறை மேஸ்திரியோடு பார்த்தான். எதிர்ப் பட்டறை வார்ப்பு வேலை செய்யும் பெரிய இடம். அச்சுத் தகடு அங்கிருந்துதான் வருகிறது என்று ஊரே சொன்னது. மேஸ்திரி ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்ட, மச்சினன் வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். இரண்டு பேரும் சிரித்தார்கள். மேஸ்திரி அவன் முதுகில் தட்டினான். எட்டத்தில் நின்ற பாலிஷ்காரன் டீ குடிக்காமலே திரும்பி நடந்தான். நம் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு அடுத்தவன் பட்டறைக்குப் பாய் விரிக்கிறானா?

வீட்டில் மனைவியிடம் வாயைக் கிளறினான்.

"உன் தம்பிக்கு நம்ம பட்டறை புளிச்சுப் போச்சா?"

"ஏன், அவன் என்ன பண்ணான்?"

"எதிர்ப் பட்டறைக்காரனோட குலாவிக்கிட்டு இருக்கான்."

அவள் கை ஒரு கணம் நின்றது. அதை அவன் பார்த்தான். "டீ குடிக்கிற இடத்துல நாலு பேரு பேசத்தான் செய்வாங்க" என்றாள். "நீங்க உங்க கையைக் கவனிங்க. மூளைக்கும் சேத்து வலி வந்துடப் போகுது."

இவளுக்கும் தெரியும் என்று முடிவு கட்டினான். அக்காளும் தம்பியும் ஒன்று, நடுவில் அவன்தான் உப்புக்குச் சப்பாணி.

கடைக்காரம்மாவுக்குக் காட்ட வேண்டிய தகட்டுக் கட்டை அவன் உயிரைக் கொடுத்து மினுக்கியிருந்தான். வாழ்நாளில் அப்படி மினுக்கியதில்லை. சந்தைக்கு முந்தின நாள் மத்தியானம், முள் மாட்டிய தகடுகளைத் துணியில் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டு மச்சினன் சாப்பிட்டுத் துறைப்பக்கம் போயிருந்தான். ஒரு தடவை கண்குளிரப் பார்க்கலாம் என்று பாலிஷ்காரன் துணியைப் பிரித்தான்.

முன்பக்கம் அப்படியே இருந்தது. ஒன்றைத் திருப்பினான்.

முதுகு முழுக்கக் கீறல். குறுக்கும் நெடுக்குமாக, பூனை பிராண்டின மாதிரி. அடுத்ததைத் திருப்பினான். அதிலும். அதற்கடுத்ததிலும். ஒன்றுகூடத் தப்பவில்லை. கைதவறிப் பட்ட கீறலா இது? யாரோ உட்கார்ந்து, பொறுமையாக, ஒவ்வொன்றாக எடுத்துக் கீறியிருக்கிறான். மினுக்குகிறவனுக்குக் கீறல் என்பது மூஞ்சியில் காறித் துப்புவது மாதிரி. அவன் இரவில் தூங்காமல் பிடித்துக்கொண்டு கிடந்த கையின் வேலை அத்தனையும் அந்த முதுகுகளில் கிழிந்து கிடந்தது.

இப்போது எல்லாம் விளங்கிவிட்டதாக அவனுக்குத் தோன்றியது. நாளைக்குக் கடைக்காரம்மா தகட்டைக் கையில் வாங்குவாள், திருப்பிப் பார்ப்பாள், காறி உமிழ்வாள். தட்டு போகும். பட்டறை மூடும். மச்சினன் எதிர்ப் பட்டறையில் போய் நிற்பான். அதற்குத்தான் பொட்டலம், அதற்குத்தான் முதுகில் தட்டல். கூப்பிட்டு இரண்டு அறை விடலாமா என்று நினைத்தான். விட்டால் "நான் இல்லை" என்பான், அக்காள் வந்து நடுவில் நிற்பாள். வேண்டாம். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அவன் கெடுத்ததைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு, நாளைக்கு அந்த அம்மாள் முன்னால் அவன் மூஞ்சி போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

கொட்டகைக் கதவைச் சாத்தினான். மிஷினைப் போட்டான். கீறலை முதலில் நைசான உப்புத்தாளில் இழைத்து, பிறகு சக்கரத்தில் கொடுத்தான். முள் கையைக் கிழித்தது, பொருட்படுத்தவில்லை. ஒரு முதுகு, அடுத்த முதுகு. சோப்பு நீரில் கழுவித் துடைத்தான். கடைசித் தகடும் முன்னும் பின்னும் ஒன்றாகப் பளபளத்தபோது தோள் மரத்துப்போயிருந்தது. பழையபடியே துணியில் சுற்றி, பழைய இடத்தில் வைத்தான். சாயங்காலம் மச்சினன் வந்து துணியோடு எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். பிரித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அலைதடுப்புக் கற்கள்மேல் நாலு பேரும் நின்றார்கள். கடைக்காரம்மா குடையை ஊன்றிக்கொண்டு நின்றாள். கெண்டை என்பவன் தூண்டில் போட்டே பிழைக்கிறவன். பேசாதபோதும் வாய் திறந்தபடியே இருப்பதால் வந்த பெயர் அது. கீழே தண்ணீர் பால் விட்ட டீ மாதிரி கிடந்தது.

மச்சினன் பைக்குள்ளிருந்து ஒரு மூடி போட்ட டப்பாவை எடுத்தான். திறந்ததும் கடைக்காரம்மா மூக்கைப் பொத்தினாள்.

"என்னப்பா இது, செத்தது எது?"

"மீன் ஈரல் எண்ணெய், இறால் ஓடு பொடிச்சது, பூண்டு. பிடிப்புக்குக் கொஞ்சம் மெழுகு" என்றான் மச்சினன். நீண்ட நாளுக்குப் பிறகு அவன் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. "சதையைக் குத்தினா தகடு ஆடாதும்மா. இது முதுகுல மெல்லிசா ஒட்டிக்கும். ஆட்டமும் கெடாது, வாசனையும் கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். மூஞ்சி மின்னும், முதுகு மணக்கும்."

பூண்டு. பாலிஷ்காரனுக்குள் என்னவோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. ஆனாலும் அந்த எதிர்ப் பட்டறைப் பொட்டலம்? அந்தக் கீறல்?

மச்சினன் துணியைப் பிரித்து ஒரு தகட்டை எடுத்தான். கட்டைவிரலில் பசையைத் தொட்டு முதுகில் இழுத்தான். விரல் வழுக்கிக்கொண்டு போய் விளிம்பில் நின்றது. தகட்டைத் திருப்பிப் பார்த்தான். கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தான். பிறகு இன்னொன்று. மெதுவாகத் தலையை நிமிர்த்தி அத்தானைப் பார்த்தான். பாலிஷ்காரன் பார்க்கக் காத்திருந்த மூஞ்சி அது அல்ல. மாட்டிக்கொண்டவன் மூஞ்சியாக அது இல்லை. ஆசையாகக் கட்டிய வீட்டை யாரோ இடித்துவிட்டதைப் பார்க்கிறவன் மூஞ்சி.

"என்ன, போடுங்கப்பா. எனக்குக் கடை திறக்கணும்" என்றாள் கடைக்காரம்மா.

மச்சினன் அழுத்தி அழுத்தித் தடவிக் கெண்டையிடம் கொடுத்தான். கெண்டை வீசினான். தகடு தண்ணீரில் விழுந்த இடத்தில் பசை உருண்டு மேலே வந்து, எண்ணெய் வட்டமாக விரிந்தது. ஒரு பொடிமீன் கூட்டம் வந்து வட்டத்தை நக்கிவிட்டுப் போனது. தகடு பளிச்சென்று வெறும் முதுகோடு திரும்பி வந்தது. இன்னொன்றைப் போட்டார்கள். இன்னொன்று. வெயில் ஏறியது.

"குளிச்சுட்டு வருது" என்றான் கெண்டை. "சுத்தமான தகடு. கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

கடைக்காரம்மா குடையை மடக்கினாள். அப்போது மச்சினன் தன் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு தகட்டை எடுத்தான். பலநாள் பையிலேயே கிடந்து மங்கிப்போன தகடு. பசையைத் தடவினான். முதுகிலிருந்த கீறலுக்குள் பசை போய் ஒட்டிக்கொண்டது, சுவரில் பூச்சு பிடிப்பது போல. "இதைக் கொஞ்சம், அண்ணே."

கெண்டை அரைமனதாக வீசினான். பாதி இழுக்கும்போது அவன் வாய் முதல் தடவையாக மூடிக்கொண்டது. கோல் வளைந்தது. கற்களுக்கிடையில் கால் வழுக்க, திட்டிக்கொண்டே அவன் இழுத்துப் போட்டது முழங்கை நீளத்துக்கு ஒரு மீன். அதன் கடைவாயில் அந்த மங்கல் தகடு தொங்கியது.

பாலிஷ்காரன் குனிந்து அந்த முதுகைப் பார்த்தான். குறுக்கும் நெடுக்குமாக, பொறுமையாகப் போட்ட கீறல். காதுக்குள் மிஷின் சத்தம் கேட்பது போலிருந்தது.

"இது ஏன் ஏறுச்சு, அதெல்லாம் ஏன் ஏறலை?" என்றாள் கடைக்காரம்மா.

பாலிஷ்காரன் வாயைத் திறந்தான். சொல்லியிருக்கலாம். மீன் வாயிலிருந்த முள்ளைக் கழற்றத் தொடங்கினான்.

"என் தப்புதாம்மா" என்றான் மச்சினன். "முதுகைச் சொரசொரப்பாக்கணும். அந்தக் கட்டுக்குப் பண்ண மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? இது என்ன, சமையலுக்கு உப்பா?" அவள் மீனையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரு மீனை நம்பித் தட்டைக் கொடுக்க முடியாது தம்பி. இந்தப் பருவத்துக்கு அச்சுத் தகடுதான். அடுத்த பருவத்துக்கு இதே மாதிரி ஒரு கட்டு நீ கொண்டு வா, பாக்கலாம். மறக்காம."

"நீ" என்றாள். "நீங்க" என்று சொல்லவில்லை. பாலிஷ்காரன் அதையும் கவனித்தான்.

திரும்பும் வழியில் மச்சினன் பையோடு முன்னால் நடந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?" என்றான் பாலிஷ்காரன் பாதி வழியில். குரல் கோபமாகத்தான் வந்தது, வேறெப்படி வர வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை.

"சொன்னா? டப்பா போன இடம்தான் தெரியுமே."

"அந்த மேஸ்திரி?"

"முரட்டு உப்புத்தாள் வாங்கினேன். நம்ம பட்டறையில இருக்கிறதெல்லாம் குழந்தை கன்னத்துல தேய்க்கிற மாதிரித் தாள். கடையில வாங்கினா எதுக்குன்னு நீங்க கேப்பீங்க." சற்றுத் தூரம் போய் நின்றான். "அத்தான், கெடுக்கணும்னு இருந்தா மூஞ்சியில கீறியிருக்க மாட்டேனா? ஒண்ணுலயாவது முன்பக்கம் தொட்டிருந்தேனா? அதையாவது யோசிச்சீங்களா?"

பாலிஷ்காரன் யோசிக்கவில்லை. முன்பக்கம் அத்தனையும் அவன் மினுக்கிய மாதிரியே, ஒரு விரல் ரேகைகூடப் படாமல் இருந்ததை இப்போதுதான் நினைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் அக்காளிடம் ஏதோ சொல்லிவிட்டு மச்சினன் கொட்டகைக்குள் போனான். அலமாரிப் பூட்டைத் திறந்து, பூட்டையே கழற்றி மேசைமேல் வைத்தான். முரட்டுத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பளபளத்த முதுகுகளை ஒவ்வொன்றாகக் கீற ஆரம்பித்தான். கறக் கறக்கென்று அந்தச் சத்தம் பாலிஷ்காரனின் பல்லைக் கூசவைத்தது. வாசலில் நின்றான், உள்ளே போகவில்லை. இவன் ஏன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டான்? நல்ல மனசா? இல்லை, கடைக்காரம்மாவிடம் தன் பெயரைத் தனியாகப் பதிய வைத்துக்கொண்டானா? என்றைக்காவது சோற்றுத் தட்டின் முன்னால் இதைச் சொல்லிக் காட்டுவானா? அந்த நினைப்பு வந்ததும் தன்மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

மனைவி பின்னால் வந்து நின்றாள். தம்பி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

"கேட்டீங்களா அவன்கிட்ட?"

"என்னத்தை?"

"என்னத்தையா?" என்றாள். "தட்டு போனது போகட்டும். அதை அடுத்த பருவத்துல வாங்கிக்கலாம். இதை நீங்கதான் குடுக்கணும், வேற யாரும் குடுக்க முடியாது."

"கை வலிக்குது" என்று சொல்லிவிட்டு அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். உள்ளே சத்தம் ஒரு கணம் நின்றது, மச்சினன் காது கொடுத்துக் கேட்கிறான் என்று தெரிந்தது. பாலிஷ்காரன் தொண்டையைச் செருமினான். சத்தம் மறுபடி தொடங்கியது.

மச்சினனிடம் அவன் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கவில்லை. அந்தக் கடன் அப்படியே நிற்கிறது.